அப்பாவுக்கு, நியூபோர்ட்டிலிருந்து

அன்புள்ள அப்பாவுக்கு,

போனில் "அப்போ பறவை வேலையை விட்டுட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் நீங்கள் ஒன்றுமே பேசவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள்.

பறவை ஆராய்ச்சி பிடிக்காமல் போய்விடவில்லை அப்பா. ஆறு வருஷத்தில் மூன்று ஒப்பந்தம், ஒன்று முடியும் முன்பே அடுத்த நிதிக்கு எழுதிப் போட வேண்டும், கடைசி முறை நிதி வரவில்லை என்று தெரிந்த அன்று நான் அழுதது அம்மாவுக்குத் தெரியும். அந்த வாரம்தான் இங்கே வேல்ஸில், நியூபோர்ட்டில் இருக்கும் தேசியப் புள்ளியியல் அலுவலகத்தில் டேட்டா சயன்ஸ் வேலைக்கு ஆள் எடுப்பதைப் பார்த்தேன். அரசு வேலைதான், ஆனால் வேலை செய்ய அனுமதி இருந்தால் காமன்வெல்த் நாட்டுக்காரர்களும் சேரலாம். நானே அதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன்.

வேல்ஸ் கரையோரம் இருக்கும் ஸ்கோமர் தீவில் நான் என்ன செய்தேன் என்று உங்களுக்குச் சரியாகச் சொன்னதே இல்லை. ஷியர்வாட்டர் என்ற கடல் பறவை, சுமார் 3.5 லட்சம் ஜோடி அந்தச் சின்னத் தீவில் மண்ணுக்குள் பொந்து போட்டு வாழ்கிறது, இருட்டின பிறகுதான் கரைக்கு வரும். ஈர மண்ணில் குப்புறப் படுத்து, தோள் வரை கையை உள்ளே விட்டு, விரலை அது கொத்தக் கொத்த வெளியே எடுத்து, காலில் வளையம் மாட்டி விடுவோம். 100 பறவைக்கு வளையம் போட்டு விட்டு, இன்னொரு ராத்திரி 100 பிடிக்கும்போது அதில் 20 பறவைக்கு வளையம் இருந்தால், ஐந்தில் ஒன்றுக்கு நாங்கள் வளையம் போட்டிருக்கிறோம் என்று அர்த்தம், அதனால் அந்த இடத்தில் மொத்தம் 500 இருக்கும் என்று கணக்கு.

இப்போது செய்வதும் அதே கணக்குதான்! 2021 மார்ச் 21-ஆம் தேதி இங்கே சென்சஸ் நடந்தது, 97 சதவீத வீடுகள் பதில் சொன்னார்கள், மீதி வீடுகளை என்ன செய்வது? சில வாரம் கழித்து சுமார் 3.5 லட்சம் வீடுகளில் தனியாக இன்னொரு தடவை கேட்டார்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பவர் எத்தனை, ஒன்றில் மட்டும் இருப்பவர் எத்தனை என்று பார்த்தால், இரண்டிலும் விட்டுப்போனவர்களையும் கணிக்கலாம். அடுத்த சென்சஸ் 2031-இல், அதற்கான வேலையில்தான் இருக்கிறேன்.

பெயர்களைப் பொருத்துவதுதான் கஷ்டம். உங்கள் பெயர் ஒரு தாளில் எனக்கு இனிஷியல், இன்னொன்றில் குடும்பப் பெயர், கம்ப்யூட்டர் இரண்டு பேர் என்று நினைத்துக்கொள்ளும். முதல் மாசம் நான் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதியது அதைச் சரிசெய்யத்தான், சோதனைக்கு என் பெயரையே போட்டேன். விட்டுப்போகிறவர்கள் பெரும்பாலும் வாடகை அறையில் இருக்கும் இளைஞர்களும் புதிதாக வந்தவர்களும்தான். ஒரு ஊரில் ஆள் குறைத்து எண்ணினால் அந்த ஊருக்கு வரும் பணமும் குறையும் அப்பா, பள்ளிக்கூட இடம், ஆஸ்பத்திரி எல்லாமே அந்த எண்ணை வைத்துத்தான். என் ஆராய்ச்சிக் கட்டுரைகளை எத்தனை பேர் படித்தார்கள் என்று நான் கவலைப்பட்டதெல்லாம் இப்போது ரொம்பத் தூரமாகத் தெரிகிறது.

2001-இல் நம் ஊரில் நீங்கள் சென்சஸ் எடுக்கப் போனபோது எனக்குப் பத்து வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்து, டீயைக் குடித்துவிட்டு, அந்த நீளப் படிவத்தைத் தோள் பையில் போட்டுக்கொண்டு கிளம்புவீர்கள். பூட்டிக் கிடந்த வீட்டுக்கு மூன்றாவது தடவையாகப் போனபோது நானும் கூட வந்தேன். பிப்ரவரி 28 ராத்திரி, வீடில்லாதவர்களை எண்ண டார்ச் எடுத்துக்கொண்டு நாங்குநேரி பஸ் ஸ்டாண்டுக்குப் போனீர்கள், என்னை மட்டும் கூட்டிப்போகவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம் ஒரு பாட்டியைப் பற்றிச் சொன்னீர்கள், நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன், பாதிதான் காதில் விழுந்தது.

அந்தப் பாட்டி பெயர் சொன்னாளா? வயசு என்ன என்று எழுதினீர்கள்? நினைவிருப்பதை எழுதிப் போடுங்கள். நம் ஊரில் 2027 பிப்ரவரியில் எண்ணப் போகிறார்கள், அப்போது லீவு போட்டு வருகிறேன், பறவை பார்க்கக் கூந்தன்குளத்துக்கும் போய்விட்டு வரலாம்.

அன்புடன்,
உங்கள் பாப்பா