பழைய வான் வண்டியின் படமும் நண்பகல் வேலையும்: புற்றரைப் பராமரிப்பு நிறுவனத்துக்கு ஒரு புகார்

பெறுநர்: நிர்வாகி அவர்கள், ஸ்காபரோ, ஒன்ராறியோ

விடயம்: ஓகஸ்ட் மாதப் புழுக் கட்டுப்பாட்டு வேலை பிழையாகச் செய்யப்பட்டமை

மதிப்புக்குரிய நிர்வாகி அவர்களுக்கு,

கடந்த ஓகஸ்ட் இறுதியில் உங்கள் நிறுவனம் என் வீட்டு முன்புறப் புற்றரைக்கு, புல்வேரைத் தின்னும் வண்டுப் புழுக்களைக் கொல்வதற்காக நெமட்டோட் என்ற நூற்புழுவைத் தண்ணீரில் கரைத்து அடித்தது. அந்த வேலை அடிப்படையிலேயே பிழையாகச் செய்யப்பட்டது. இன்று புற்றரையின் பாதிக்கு மேல் வெறும் மண். அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன், மின்னஞ்சலும் அனுப்பினேன். வந்த பதில் என் கோபத்தைக் கூட்டியதே தவிர வேறெதுவும் செய்யவில்லை. ஆகவே உங்களுக்கே நேரடியாக எழுதுகிறேன். இந்தத் தொழிலைத் தொடங்கிய உங்கள் தந்தையாரும் வாசிக்க வேண்டும் என்பதால் தமிழில் எழுதுகிறேன்.

அன்று வெயில் கொளுத்தியது. மழை கண்டு நெடுநாளாகி மண் வெடித்துக் கிடந்தது. பிற்பகல் ஒன்றரை மணிக்கு இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். முதல்நாளே தண்ணீர் விட்டு வைக்கும்படி எவரும் எனக்குச் சொல்லவில்லை, வரப்போவதாகவே சொல்லவில்லை. ட்ரக்கின் முன்கண்ணாடிக்குக் கீழே, வெயில் நேராக விழும் இடத்தில் கிடந்த நெமட்டோட் பொதியை ஒருவர் எடுத்துத் தொட்டியில் கரைத்ததை வாசலில் நின்று பார்த்தேன். காய்ந்த புல்லின்மேல் அதை விசிறிவிட்டு, கதவில் ஒரு துண்டுச்சீட்டைச் செருகிவிட்டுப் புறப்பட்டார்கள். இந்த வெயிலிலா அடிப்பது என்று கேட்டேன். "பட்டியலில் உள்ள வீடுகளை இன்றைக்கே முடிக்க வேண்டும் அம்மா" என்று ஒரு பிள்ளை பணிவாகச் சொன்னான். அந்தப் பிள்ளைகள்மேல் எனக்குக் குறையில்லை. அந்தப் பட்டியலைப் போட்டுக் கொடுத்தவர்கள்மேல்தான் குறை.

நெமட்டோட் உயிருள்ள நூற்புழு. ஈரமண்ணில் நகர்ந்து போய், வண்டுப் புழுவின் உடலுக்குள் புகுந்து, தான் சுமந்துவரும் பாக்டீரியாவை அங்கே விட்டு, ஓரிரு நாளில் அதைக் கொல்லும். மண் காய்ந்திருந்தால் அதனால் நகர முடியாது. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் செத்துப்போகும். சூட்டில் வைத்தால் பொதிக்குள்ளேயே செத்துப்போகும். குளிரில் வைக்க வேண்டும், மாலையில் அடிக்க வேண்டும், அடிப்பதற்கு முன்னும் பின்னும் மண் நனைந்திருக்க வேண்டும். இந்த மூன்றும் தெரியாமல் இந்தத் தொழிலை எவரும் செய்ய முடியாது. மூன்றில் ஒன்றுகூட என் வீட்டில் நடக்கவில்லை.

செப்ரெம்பர் இறுதியில் புல் பழுத்தது. ஓரத்தைப் பிடித்துத் தூக்கியபோது கம்பளத்தைச் சுருட்டுவதுபோல் கையோடு வந்தது; வேரே இல்லை. அடியில் வெள்ளைப் புழுக்கள், பழுப்புத் தலையோடு வளைந்து கிடந்தன. அடிக்கு அடி அளவான ஒரு சதுரத்துக்குள்ளேயே பதினெட்டு எண்ணினேன். பத்தைத் தாண்டினாலே புற்றரை தாங்காது என்பார்கள். பிறகு இரவில் ரக்கூன்களும் ஸ்கங்குகளும் அந்தப் புழுக்களைத் தேடி வந்து மிச்சத்தையும் கிளறிப் போட்டன. படங்களை இணைத்திருக்கிறேன்.

உங்கள் அலுவலகத்தின் பதில் இது: நெமட்டோட் உயிருள்ள பொருள், பலனுக்கு உத்தரவாதம் தர முடியாது; வேண்டுமானால் வசந்தகாலத்தில் இன்னொரு முறை கட்டணத்துக்கு அடித்துத் தருகிறோம். உயிருள்ள பொருள் என்று தெரிந்தவர்கள் அதை வெயிலில் போட்டு வைத்தது ஏன்? வசந்தத்தில் அந்தப் புழுக்கள் முழுதாக வளர்ந்திருக்கும், நெமட்டோட் அவற்றில் சரியாக வேலை செய்யாது. குஞ்சுப் புழுவாக இருக்கும் ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரைதான் அதற்கு ஏற்ற காலம். பயன் தராது என்று தெரிந்த வேலையை வாடிக்கையாளருக்கு இரண்டாம் முறை விற்கப் பார்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லித் தந்தவர் உங்கள் தந்தையார்தான்.

உங்கள் விளம்பரத் துண்டின் முதல் பக்கத்தில் அவருடைய பழைய வான் வண்டியின் படம் இருக்கிறது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒற்றைப் புல்வெட்டியோடு தொடங்கிய குடும்பத் தொழில், இன்றும் அதே கை, அதே அக்கறை என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அந்த வரலாறு நடந்த புற்றரைகளில் என்னுடையதும் ஒன்று. இரவில் தொழிற்சாலை, பகலில் புல்வெட்டு என்று அவர் ஓடிய காலம் அது. எண்பத்து மூன்றுக்குப் பின் வந்து, அடித்தள அறைகளில் வாழ்ந்து பாடுபட்டு, முதல் வீட்டை வாங்கிய எங்களுக்குப் புற்றரை என்றால் என்னவென்றே தெரியாது. புல் 20 சென்ரிமீற்றரைத் தாண்டினால் நகரசபை நோட்டீஸ் அனுப்பும் ஊர் இது. எங்கள் தெருவில் பல வீட்டுக்காரர்களுக்கு முதல் ஆசிரியர் அவர்.

நகரின் பூச்சிகொல்லிக் கட்டுப்பாடு 2004இல் வந்தது. 2009 ஏப்ரல் 22இல், புற்றரைக்கு அழகுக்காகப் பூச்சிகொல்லியும் களைகொல்லியும் அடிக்க மாகாணம் முழுவதும் தடை வந்தது. அதுவரை டான்டிலயன் என்ற மஞ்சள் பூக் களைக்கு 2,4-டி என்ற களைகொல்லியை அடித்துப் பிழைத்தவர்கள், தொழில் போய்விட்டது என்று புலம்பினார்கள். உங்கள் தந்தையார் புல்வெட்டியின் தகட்டை மூன்று அங்குலத்துக்கு உயர்த்தினார். புல் உயர்ந்து அடர்ந்து நின்றால் களை விதைக்கு வெளிச்சம் கிடைக்காது என்றார். வெட்டிய புல்லை அப்படியே மண்ணுக்கு விட்டார். கோடை முடியும் நேரத்தில் மண்ணில் துளையிட்டு விதை தூவினார். முழங்காலில் இருந்து டான்டிலயனை வேரோடு பிடுங்கினார். நெமட்டோட் பொதிகளை உங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் தயிருக்குப் பக்கத்தில் வைப்பதாகவும், உங்கள் அம்மா அதற்குச் சண்டை பிடிப்பதாகவும் அவரே சொல்லிச் சிரிப்பார்.

பொழுது சாயத்தான் வருவார். வந்ததும் காற்சட்டைப் பையிலிருந்து நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து மண்ணில் குத்திப் பார்ப்பார். அது இறங்காவிட்டால், "இன்றைக்கு அடித்துப் பிரயோசனமில்லை தங்கச்சி, தண்ணீர் விட்டு வையுங்கள், நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். அந்த வீண் பயணத்துக்கு ஒருநாளும் காசு கேட்டதில்லை.

தம்பி, தொழில் பெருத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். பத்து ட்ரக் ஓடட்டும், இருபது ஓடட்டும். ஆனால் அவர் கதையை அச்சிட்டு வாடிக்கையாளர் பிடிக்கிறீர்கள் என்றால், அவர் வேலை செய்த முறையும் அந்த விலைக்குள் அடக்கம். நான் பணம் கொடுத்தது அதற்குத்தான். தவறாக வழிநடத்தும் கூற்றைச் சொல்லிச் சேவை விற்பதை ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் தடுக்கிறது. உங்கள் குடும்பத்தோடு அந்த வழிக்குப் போக எனக்கு விருப்பமில்லை. ஆனால் போகத் தயங்கமாட்டேன்.

நான் கேட்பவை நியாயமானவை. ஓகஸ்ட் வேலைக்கு எடுத்த கட்டணத்தை 13 வீத வரியோடு என் கடனட்டைக்குத் திருப்பிச் செலுத்துங்கள். அழிந்த பகுதியில் மண் உறைவதற்கு முன் புதிய புல் பதித்துத் தாருங்கள். அது முடியாவிட்டால் வசந்தத்தில், உங்கள் செலவில். அடுத்த ஓகஸ்டில் நெமட்டோட்டைக் கட்டணமின்றி, மாலையில், முன்கூட்டியே சொல்லிவிட்டு அடியுங்கள். என்னிடம் கேட்காமல் தானாகப் புதுப்பித்திருக்கும் பனி அகற்றும் ஒப்பந்தத்தை, இவை தீரும்வரை நிறுத்தி வையுங்கள். இன்னொன்றும் உண்டு. அதே பிற்பகலில் என் தெருவில் வேறு வீடுகளுக்கும் அதே ட்ரக் போனது. அவர்களில் சிலர் வயதானவர்கள், ஏன் புல் செத்தது என்றே தெரியாமல் இருக்கிறார்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்ப் பார்க்க வேண்டும்.

இம்மாத முடிவுக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். அலுவலகத்தின் பதிலும், கதவில் செருகிய துண்டும், பில்லின் பிரதியும் இத்துடன் உள்ளன.

இப்படிக்கு,
உங்கள் தந்தையார் காலத்து வாடிக்கையாளர்,
மல்வேர்ன், ஸ்காபரோ