வான்கோழிப் படத்தை மேடாக்கினால் பாடம் ஆகிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவம்பர் வந்தால் அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் தவறாமல் நடக்கும் ஒரு வேலை உண்டு. காகிதத்தில் கையை விரித்து வைத்து, விரல்களைச் சுற்றிக் கோடிழுத்து, கட்டைவிரலுக்கு ஒரு கண்ணும் அலகும் போட்டு ‘வான்கோழி’ என்பார்கள். வான்கோழி விருந்தோடு கொண்டாடப்படும் நன்றி நாளான தேங்க்ஸ்கிவிங் பற்றித் தங்கள் அயலகத் தமிழர் பக்கத்தில் வந்த கட்டுரை, பார்வையற்ற பிள்ளைகளுக்கும் இதையே செய்யலாம், கோட்டின்மேல் பசை தடவி மேடாக்கிக் கொடுத்தால் போதும் என்று யோசனை சொல்லியிருந்தது. போதாது. பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் அந்தக் கோட்டைத் தடவினால் அவருக்குக் கிடைப்பது ஒரு கை. வேறு நாட்டிலிருந்து வந்து சில மாதமே ஆனவர் என்றால் அந்தப் பறவையின் பெயரே அவருக்குப் புதிது. படத்தை மேடாக்குவதை விட்டுவிட்டு, பொருளையும் அளவையும் இடத்தையும் கையில் கொடுக்க வேண்டும் என்பதே எங்கள் வாதம்.

வான்கோழியிலிருந்தே தொடங்கலாம். கடையில் உறையவைத்து விற்கும் 14 பவுண்டுப் பறவையை, அதாவது ஆறு கிலோவுக்குச் சற்று மேல், உறையோடு அப்படியே மாணவர் மடியில் வையுங்கள். நம்மூர்க் கோழி ஒன்றரை, இரண்டு கிலோ என்று அறிந்தவருக்கு அந்தக் கனமே ஒரு பாடம். உறையைப் பிரித்துப் பச்சை இறைச்சியைத் தடவக் கொடுக்காதீர்கள். சால்மொனெல்லா கிருமி கையிலிருந்து பிரெயில் தாளுக்கும் வெண்கோலுக்கும் போகும். வால் விசிறியைப் புரியவைக்க உண்மையான வான்கோழி இறகுகளை விலைக்கு வாங்குங்கள். பூங்காவில் பொறுக்கிய இறகு வேண்டாம். 1918-இல் வந்த வலசைப் பறவைச் சட்டத்தின்படி பல பறவைகளின் இறகை வைத்திருப்பதே குற்றம். வான்கோழி அந்தச் சட்டத்துக்குள் வராது.

இறகு என்றதும் இன்னொன்று. காகித இறகுத் தொப்பி செய்து மாணவர் தலையில் மாட்டுவதை நிறுத்த வேண்டும். அந்த நீண்ட இறகுக் கிரீடம் நடுப்பகுதிப் புல்வெளிகளில் வாழ்ந்த இனங்களுடையது. 1621-இல் மாசசூசெட்ஸ் கரையில் ஆங்கிலேயர் குடியேறிய பிளிமத்தில், தேங்க்ஸ்கிவிங்கின் தொடக்கமாகச் சொல்லப்படும் விருந்துக்கு வந்த வாம்பனோவாக் என்னும் பூர்வகுடி மக்கள் அதை அணியவில்லை. பார்வையுள்ள பிள்ளை பின்னால் வேறு படங்களைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும். தொட்டுக் கற்றவருக்கு அந்தத் தொப்பிதான் கடைசிவரை ‘செவ்விந்தியர்’.

வரைபடத்துக்கு வருவோம். வெப்பத்தில் உப்பும் தாளில் அட்லாண்டிக் வரைபடத்தை அச்சடித்துத் தருகிறார்கள். அதில் கடற்கரை, ஆறு, மாநில எல்லை, கப்பல் பாதை எல்லாம் ஒரே உயரத்தில் உப்பியிருக்கும். விரலுக்கு எது கடல், எது கரை என்று தெரியாது. இங்கிலாந்து, கடலுக்குள் வளைந்து நீளும் கேப் காட் முனை, பிளிமத், கப்பல் பாதைக்கு ஒரு நூல் என நான்கே பொருள்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கேப் காட் முனைக்குத் தாளே வேண்டாம், மாணவரின் வலக்கை போதும். வடக்கு நோக்கி நிற்கச் சொல்லுங்கள். வலக்கையைத் தோள் மட்டத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடித்து முன்கையை மேலே தூக்கி, விரல்களை மூடிய முட்டியைத் தலைப்பக்கம் வளைக்கட்டும். தோள்தான் பெருநிலம், முழங்கை சாத்தம் நகரம், முட்டி ப்ராவின்ஸ்டவுன். 1620 நவம்பரில் அந்த ஆங்கிலேயக் குடியேறிகள் வந்த மேஃப்ளவர் கப்பல் முதலில் நங்கூரம் போட்டது அந்த முட்டியின் உள்பக்கத்தில். டிசம்பரில் குடாவைக் கடந்து போய் இறங்கிய பிளிமத், மாணவரின் கன்னத்தருகே வரும். இடக்கையால் முட்டியிலிருந்து கன்னம்வரை ஒரு கோடு இழுக்கச் சொன்னால் கடைசிப் பயணமும் முடிந்தது. அறையில் வடக்கு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்லாவிட்டால் இந்தப் பயிற்சி குழம்பிவிடும்.

கப்பலின் அளவு சுமார் 100 அடி நீளம், 25 அடி அகலம். இதைத் தரையில் போட்டுக் காட்டலாம். பள்ளிக் கூடைப்பந்துத் தளம் 84 அடிதான் என்பதால் தாழ்வாரமோ வாகன நிறுத்துமிடமோ தேவைப்படும். மூன்று மில்லிமீட்டர் சணல் கயிற்றைத் தரையில் விரித்து அதன்மேல் அகலமான டேப்பை ஒட்டினால், செருப்புக் காலுக்கும் வெண்கோல் நுனிக்கும் கோடு தெளிவாகத் தெரியும். பார்வையற்றோர் ஆடும் கோல்பால் ஆட்டத்தின் கோடுகளே இப்படித்தான் போடப்படுகின்றன. டேப் ஒட்டாத கயிறு உருளும், கோலில் சுற்றும், ஆளைத் தடுக்கிவிடும். ஓரத்தைச் சுற்றி நடந்து முடித்ததும், இதற்குள் 102 பயணிகள், 66 நாள் என்று சொல்லுங்கள். பிறகு மாணவர்களை வரிசையாக நிற்கவைத்து ஒருவர் விட்டு ஒருவரை வெளியே அனுப்புங்கள்: முதல் குளிர்காலத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துபோனார்கள்.

கதையைச் சொல்லும்போது பூசி மெழுக வேண்டாம். ‘வந்தவர்கள் பசியால் வாடினார்கள், இருந்தவர்கள் சோறு போட்டார்கள், எல்லோரும் சேர்ந்து நன்றி சொன்னார்கள்’ என்பதோடு பல பாடநூல்கள் முடித்துவிடுகின்றன. மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்த டிஸ்குவாண்டம் (ஸ்குவாண்டோ என்று பரவலாக அறியப்படுபவர்) 1614-இல் ஆங்கிலேயக் கப்பல்காரன் ஒருவனால் கடத்தப்பட்டு ஸ்பெயினுக்குக் கொண்டுபோகப்பட்டவர். அவர் ஊர் திரும்பியபோது, வெள்ளையர் கொண்டுவந்த கொள்ளைநோயில் பட்டுக்செட் என்ற அந்த ஊரே அழிந்திருந்தது. பிளிமத் எழுந்தது அந்த ஊர் இருந்த இடத்தில்தான். வாம்பனோவாக் தலைவர் மாசசோயிட் சுமார் 90 ஆட்களோடு வந்து ஐந்து மான்களைத் தந்தார், விருந்து மூன்று நாள் நடந்தது. ஐம்பது ஆண்டு கழித்து அவருடைய மகன் மெட்டாகொம் காலத்தில் இரு தரப்புக்கும் பெரும் போர் மூண்டது. 1970 முதல் பூர்வகுடி மக்கள் இதே நாளில் பிளிமத்தில் கூடி துக்க நாள் கடைப்பிடிக்கிறார்கள். அகதியாக வந்த மாணவர்கள் ‘அந்த நிலம் யாருடையது?’ என்று கேட்கத்தான் செய்வார்கள். பதில் இல்லாமல் வகுப்புக்குள் போகாதீர்கள்.

தேதியில்தான் எதிர்பாராத சிக்கல். உள்நாட்டுப் போரின் நடுவே 1863-இல் லிங்கன் இதை நாடு முழுவதற்குமான நாளாக அறிவித்தபோது நவம்பரின் கடைசி வியாழன் என்றிருந்தது. நான்காவது வியாழன் என்று 1941-இல் சட்டம் ஆனது. ஆக, 22-க்கும் 28-க்கும் இடையில் எந்தத் தேதியிலும் வரலாம். 2026-இல் 26-ஆம் தேதி. ஐந்து வியாழன் வரும் ஆண்டுகளில் ‘கடைசி’ என்று மனப்பாடம் செய்தவர் ஒரு வாரம் தவறுவார். கைபேசியின் ஸ்க்ரீன் ரீடர் தேதிகளை ஒவ்வொன்றாகத்தான் வாசிக்கும். வியாழன்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும் கட்டம் அதில் தெரியாது. பிரெயிலில் ஏழு பத்தியும் ஐந்து வரிசையுமாக மாத நாள்காட்டி தட்டச்சு செய்து, வியாழன் பத்திக்கு மட்டும் பக்கத்தில் ஒரு மெல்லிய நூல் ஒட்டிவிடுங்கள். மேலிருந்து விரலை இறக்கி எண்ணினால் விஷயம் முடிந்தது.

குடியுரிமைத் தேர்வுக்குப் படிக்கும் பெரியவர்களுக்கு இந்த நாள் வெறும் பண்டிகை அல்ல. பழைய 100 கேள்விப் பட்டியலில் தேசிய விடுமுறைகளில் இரண்டைச் சொல்லக் கேட்டார்கள். 128 கேள்விகள் கொண்ட புதிய பட்டியலில் மூன்று. வாசிப்புத் தேர்வுச் சொற்பட்டியலிலும் எழுத்துத் தேர்வுச் சொற்பட்டியலிலும் தேங்க்ஸ்கிவிங் உண்டு. தேர்வை பிரெயிலிலோ பெரிய எழுத்திலோ கேட்டுப் பெறலாம், ஆனால் அன்றைக்குப் போய்க் கேட்டால் கிடைக்காது. விண்ணப்பத்தோடு அல்லது அழைப்புக் கடிதம் வந்தவுடன் கேட்க வேண்டும்.

தமிழ் பிரெயில் படித்து வந்தவர்களுக்கு இங்கே ஒரு தனித் தொல்லை. சுருக்கெழுத்து ஆங்கில பிரெயிலில் தேங்க்ஸ்கிவிங் என்ற 12 எழுத்துச் சொல், ஆறு புள்ளிக் கட்டங்கள் ஒன்பதில் அடங்கிவிடும். அதன் கடைசிக் கட்டமான 3-4-6 புள்ளிகள் ஆங்கிலத்தில் ‘இங்’ என்ற மூன்றெழுத்துச் சுருக்கம். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயிலில் அதுவே ‘ங’. ஒலி ஒத்துப்போவதால் மாணவர் சரியாகவே வாசித்துவிடுவார், ஆசிரியரும் பாராட்டிவிட்டு நகர்வார். எழுதச் சொன்னால்தான் எழுத்துக்கூட்டல் தெரியாதது வெளியே வரும். முதல் சில வாரங்கள் சுருக்கமில்லாத பிரெயிலிலேயே எழுதட்டும்.

இனி சாப்பாட்டு மேசை. பாடத்தின் பெரும்பகுதி நேரத்தை இதற்கே ஒதுக்கலாம் என்பது எங்கள் கருத்து, ஏனென்றால் மாணவரை யாராவது வீட்டுக்கு அழைத்தால் கைகொடுக்கப் போவது இதுதான். இரண்டு மேசை போடுங்கள். இடப்பக்கம் 1621: உமியோடு காய்ந்த மக்காச்சோளக் கதிர், முழுப் பரங்கிக்காய், கத்தி, கரண்டி. உருளைக்கிழங்கு கிடையாது, பரங்கிப் பணியாரமான பை கிடையாது, முள்கரண்டியும் கிடையாது. அன்று கையால்தான் சாப்பிட்டார்கள். (கையால் உண்ணக் கூச்சப்படும் நம் மாணவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.) வலப்பக்கம் இன்றைய மேசை: வான்கோழி, ஸ்டஃபிங் (வான்கோழிக்குள் அடைக்கும் ரொட்டிக் கலவை), மசித்த உருளைக்கிழங்கு, கிரேவி, கிரான்பெரி சாஸ், சர்க்கரைவள்ளி, பரங்கிப் பை.

கிரான்பெரியை வகுப்பிலேயே சமைக்கலாம். களாக்காய் போலச் சுள்ளென்ற புளிப்பு. உள்ளே நான்கு காற்றறைகள் இருப்பதால் நல்ல பழத்தை மேசையில் போட்டால் துள்ளும்; அழுகியது தொப்பென்று விழுந்து கிடக்கும். காதால் பொறுக்கிவிடலாம். 12 அவுன்ஸ் பை ஒன்றுக்கு (340 கிராம்) ஒரு கப் சர்க்கரை, ஒரு கப் தண்ணீர். சர்க்கரைத் தண்ணீர் கொதித்ததும் பழத்தைப் போட்டுத் தீயைக் குறைத்தால் ஒவ்வொன்றாக வெடிக்கும் சத்தம் கேட்கும். பத்து நிமிடத்தில் சத்தம் அடங்கும், அடுப்பை அணைக்கலாம். ஆழமான பாத்திரமும் மூடியும் கட்டாயம். சர்க்கரைப் பாகு தெறித்தால் கொதிநீரைவிட மோசமாகச் சுடும். சூட்டோடு கெட்டியாக இல்லையே என்று மேலும் காய்ச்சிவிடுவார்கள். வேண்டாம், ஆறினால் தானே இறுகும்.

வாழை இலையில் எது எங்கே என்பது நம்மவர்களுக்குக் கையிலேயே இருக்கிறது, பரிமாறுபவர் வந்து வைத்துவிட்டுப் போவார். அமெரிக்க மேசையில் கிண்ணம் கைமாறி வரும், வழக்கமாக வலப்பக்கமாக. இதை வெறும் கிண்ணங்களை வைத்து ஒத்திகை பார்க்க வேண்டும். தருபவர் பொருளின் பெயரைச் சொல்லி, கிண்ண விளிம்பை வாங்குபவரின் புறங்கையில் தொடவைத்து, ‘கரண்டி உங்கள் பக்கம்’ என்று சொல்ல வேண்டும். சூடான பாத்திரத்தைக் கையில் தராமல் மேசையில் வைத்துச் சொல்ல வேண்டும். தட்டில் கடிகார முறை: வான்கோழி ஆறு மணியில், கிழங்கு ஒன்பதில், சாஸ் மூன்றில். கிரேவியை மாணவரே ஊற்றப் போய்த்தான் பெரும்பாலும் மேசைவிரிப்பு நாசமாகும். சிறு அகப்பையால் எடுத்து, கிழங்கின் நடுவில் விரலால் குழி தொட்டு, அதில் கவிழ்க்கச் சொல்லுங்கள்.

சைவ மாணவர்களுக்கு மணத்தை நம்பாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பழக்குங்கள். ஸ்டஃபிங்கிலும் பீன்ஸிலும் கோழிச்சாறு ஊற்றியிருப்பார்கள், கிரேவி வான்கோழிக் கொழுப்பிலிருந்து வருவது, சர்க்கரைவள்ளி மேல் உருக்கும் மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் உண்டு, பை மாவில் சிலர் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள். ‘இதில் இறைச்சி இருக்கிறதா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்றுதான் பதில் வரும், சாறும் கொழுப்பும் பலர் கணக்கில் இறைச்சி அல்ல. ‘எந்தச் சாற்றில் வேகவைத்தீர்கள்?’ என்று கேட்கும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் சொல்லிப் பழக வேண்டும்.

கடைசியாகப் போக்குவரத்து. அன்று பல ஊர்களில் பேருந்து ஞாயிறு அல்லது விடுமுறை அட்டவணையில் ஓடும். மாற்றுத்திறனாளிகளை வீட்டு வாசலில் ஏற்றிக்கொள்ளும் பாராட்ரான்சிட் வண்டியும் அந்த நேரங்களையே பின்பற்றும். அதற்கு முந்தைய நாளே பதிவு செய்ய வேண்டும். விருந்து எப்போது முடியும் என்று அழைத்தவரிடம் கேட்டு, திரும்பும் நேரத்தையும் புதன்கிழமையே பதிவு செய்துவிடச் சொல்லுங்கள். வியாழன் மாலை அலுவலகத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இல்லாமல் போகலாம்.

இப்படிக்கு,
பார்வையற்ற குடியேறியோருக்கு ஆங்கிலம் கற்பிக்கும் தமிழாசிரியர்கள் சிலர்,
நியூ ஜெர்சி