நான் தியானத்துக்கு வரவில்லை, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். "தியானம் எப்ப முடியுது அக்கா?" என்று கேட்டாள். எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது. அக்கா கொடைக்கானலுக்குத் தியானம் செய்யப் போயிருக்கிறாள் என்று சொந்தக்காரர்களிடமெல்லாம் நீ சொல்லி வைத்திருக்கிறாய். எட்டு மாதத் தியானம்! மடத்தில் சேர்ந்த பெண்ணைக்கூட இதற்குள் ஒரு தடவை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

தனியாக எழுதினால் நீ பதில் போடமாட்டாய். நான் எழுதுவதை நம் சொந்தத்தில் நாலு பேராவது படிப்பார்கள் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். நான் இருப்பது கொடைக்கானலில் ஒரு முதியோர் இல்லம். கன்னியாஸ்திரிகள் நடத்துவது. என்னை யாரும் கொண்டுவந்து விடவில்லை. நானே விசாரித்து, நானே பணம் கட்டி வந்தேன்.

முதியோர் இல்லம் என்றதும் உனக்கு சினிமாதான் ஞாபகம் வரும். கேட் பக்கத்தில் ஒரு பெஞ்சு, வாசலைப் பார்த்தபடி ஒரு தாய், பின்னால் வயலின். இங்கே எனக்குத் தனி அறை. சாவி என்னிடம். அம்மாவின் சூசையப்பர் படம் சுவரில் மாட்டியிருக்கிறது. முடிந்ததை நான் செய்துகொள்கிறேன், முடியாததற்குக் கை கொடுக்கிறார்கள். ஒரு வயசானவரால் என்ன முடியும் என்று பார்க்க டாக்டர்கள் ஆறு கேள்வி வைத்திருக்கிறார்கள். தானாகக் குளிக்கிறாரா, உடுத்துகிறாரா, கழிப்பறைக்குப் போகிறாரா, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு வருகிறாரா, ஒன்றுக்கும் இரண்டுக்கும் அடக்க முடிகிறதா, தானாகச் சாப்பிடுகிறாரா. நான் நாலில் பாஸ். குளியலிலும் கட்டிலிலிருந்து எழுவதிலும் ஃபெயில். முப்பத்தைந்து வருஷம் டீச்சராக இருந்தவள், மார்க்கை ஒளிக்கமாட்டேன்.

குளியலைப் பற்றி உன்னிடம் சொல்ல எனக்கே கூச்சம். ஆனால் எல்லாம் அங்கேதான் ஆரம்பித்தது. போன வருஷம் வீட்டுப் பாத்ரூமில் விழுந்து இரண்டு மணி நேரம் கிடந்தேனே, அன்றைக்கு இடுப்பு வலியைவிட, கதவை உடைத்து வருபவர்கள் என்னை எந்தக் கோலத்தில் பார்ப்பார்களோ என்பதுதான் பெரிய பயம். இங்கே பண்ணைக்காடு ஊர்ப் பெண் ஒருத்தி வாரத்தில் மூன்று நாள் வெந்நீர் விளாவிக் குளிப்பாட்டுகிறாள். முதல் நாள் நான் அழுதேன். அவள் கண்டுகொள்ளவே இல்லை, ஊரில் காப்பிக்கு என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டே முதுகு தேய்த்தாள். இரண்டாவது வாரம் நானும் காப்பி விலை பேச ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க வீட்லயே வச்சுப் பார்த்துக்குவோம்" என்றாய். நீ மனசாரச் சொன்னதுதான். ஆனால் அந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார். பார்ப்பது யார்? உன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நீ காலையில் போனால் ராத்திரிதான் வருவாய். ராத்திரி மூன்று மணிக்கு என்னைப் பிடித்து எழுப்பப் போவது உன் மனைவி. அவளுக்கே முழங்கால் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அவள் தன் மாமியாரை, அதாவது நம் அம்மாவை, பதினோரு வருஷம் பார்த்தாள். இப்போது நாத்தனாரையும் பார்க்கச் சொன்னால் வாய் திறக்காமல் பார்ப்பாள். வாய் திறக்கமாட்டாள் என்பதால்தான் நான் வரவில்லை.

உன் கட்டிலையே எனக்குத் தருவதாகச் சொன்னதை மறக்கவில்லை. ஆகஸ்ட் 30ஆம் தேதி திருப்பலிப் பூசையில் ழான் ஜூகான் என்ற புனிதையின் கதை சொன்னார்கள். 1839 குளிர்காலத்தில், பிரான்ஸில், கண் தெரியாத, கைகால் விழுந்துபோன ஒரு கிழவியைத் தூக்கி வந்து தன் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு, தான் மேலே மச்சில் போய்ப் படுத்துக்கொண்டாள். பிச்சை எடுத்துத்தான் முதியோர் இல்லங்களை நடத்தினாள். அப்புறம் அவளைத் தலைமையிலிருந்து இறக்கி ஓரங்கட்டினார்கள். 1879ல் அவள் சாகும்போது, அந்தக் கன்னியர் சபையை ஆரம்பித்தவள் இவள்தான் என்பது கூட இருந்த இளம் கன்னியருக்கே தெரியாதாம். 2009ல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். (ஓரங்கட்டியது ஒரு சாமியார், அதாவது பாதிரியார். பிரசங்கத்தில் அந்தப் பகுதி சீக்கிரம் முடிந்துவிட்டது.) கதையைக் கேட்டபோது உன் கட்டில்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒன்று: அவள் கொடுத்தது தன் கட்டிலையும் தன் தூக்கத்தையும். நீ கட்டிலைக் கொடுத்தால் தூக்கம் போவது உன் மனைவிக்கு.

அப்புறம் சட்டம். "கேஸ் ஆகிடுமா" என்று யாரிடமோ கேட்டாயாமே. 2007ல் வந்த மூத்தோர் பராமரிப்புச் சட்டத்தில், பிள்ளையில்லாதவரின் சொத்துக்கு வாரிசாகப் போகும் உறவினருக்கும் பொறுப்பு உண்டுதான். ஆனால் பொதுவாக மனு கொடுக்கவேண்டியது நான். கோட்டாட்சியர் ஆபீஸ் படி ஏற என்னிடம் முழங்கால் இல்லை. நிம்மதியாக இரு.

இங்கே எல்லாமே சொர்க்கம் என்று சொல்லமாட்டேன். சாம்பாரில் காரமே கிடையாது. என் பென்ஷனில் பாதிக்குமேல் இங்கே போகிறது. ஊரோ ஏழாயிரம் அடி உயரம். மதுரைப் பக்கம் காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845ல் மேலே வந்து வீடு கட்டியபோது இது உடம்பு தேறும் இடமாக இருந்திருக்கும். வயசானவர்களுக்கு அப்படி இல்லை. டிசம்பரில் விரல் மடங்காது. வீசிங் இருப்பவர்களும் இதயம் பலவீனமானவர்களும் இங்கே வரவே கூடாது. பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் மதுரை, ஏறக்குறைய 120 கிலோமீட்டர், பாதி மலைப்பாதை. மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. இதையெல்லாம் சேருவதற்கு முன்னாலேயே இல்லத்துத் தலைவியான மதர் என்னிடம் சொன்னார், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுத்து வரச் சொல்லிவிட்டுத்தான் இடம் கொடுத்தார்.

காலை ஆறேகாலுக்குப் பூசை. படுக்கையில் இருப்பவர்களுக்கு அறையில் ஸ்பீக்கர், பூசையில் கொடுக்கும் நன்மை (அப்பம்) கட்டிலுக்கே வரும். எல்லோரும் நம்மைப்போல் கிறிஸ்தவ வேதக்காரர்கள் இல்லை. என் மேசையில் பழனிக்கார அம்மா ஒருவர் இருக்கிறார். நாங்கள் ஜெபமாலை சொல்லும்போது கூட உட்கார்ந்து முருகா முருகா என்று எண்ணிக்கொண்டிருப்பார். குறிஞ்சி ஆண்டவர் கோயிலில் நின்றால், மேகம் இல்லாத நாளில் கீழே பழனி தெரியும். அதைப் பார்க்கத்தான் இந்த ஊரைத் தேடி வந்தாராம். குறிஞ்சி 2018ல் பூத்தது, அடுத்தது 2030. அதுவரை யார் இருப்பது என்று எங்களுக்குள் ஒரு பந்தயம் ஓடுகிறது.

கடைசியாக ஒரு விஷயம், இதை மட்டும் இரண்டு தடவை படி. போன மாதம் சாமியார் வந்து எனக்கு நோயில்பூசுதல் கொடுத்தார், அதாவது எண்ணெய் பூசி ஜெபித்தார். பயப்படாதே. அம்மா காலத்தில் அதற்கு அவஸ்தைபூசுதல் என்று பேர், எண்ணெயோடு சாமியார் வந்தாலே வீட்டில் அழுகை ஆரம்பித்துவிடும். இப்போது மூப்பில் தளர்ந்தவர்கள் யாரும் வாங்கலாம், மறுபடியும் வாங்கலாம். அன்றைக்கே ஒரு பத்திரமும் எழுத முடிவு செய்தேன். பிழைக்க வழியில்லை என்று டாக்டர்கள் சொன்ன பிறகு என்னை வென்டிலேட்டரில் போட்டு இழுக்கக் கூடாது. இது திருச்சபைக்கு விரோதம் என்று நீ நினைப்பாய். இல்லை. சாவை வரவழைப்பதுதான் பாவம். பலன் இல்லாமல் சாவைத் தள்ளிப்போட மட்டும் செய்யும் சிகிச்சையை மறுக்கலாம் என்று 1980லேயே ரோமையிலிருந்து அறிக்கை வந்தது. நம் சுப்ரீம் கோர்ட்டும் 2018ல் இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் பத்திரத்துக்கு (லிவிங் வில்) அனுமதி கொடுத்து, 2023ல் நடைமுறையை எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சி, ஒரு நோட்டரி அல்லது கெசட்டட் ஆபீசர் போதும். எனக்கு நினைவு தப்பினால் முடிவு சொல்லவேண்டியவர் என்று உன் பேரைத்தான் போட்டிருக்கிறேன். ஒரு காப்பி உன் கையில் இருக்கவேண்டும். போஸ்டில் அனுப்பமாட்டேன்.

ஆகஸ்ட் 15 சலேத் மாதா திருவிழா. அதற்கு வா, உன் மனைவியையும் கூட்டிக்கொண்டு. அவளுக்கு இங்கே யாரும் வேலை சொல்லமாட்டார்கள் என்று நான் சொன்னதாகச் சொல். வரும்போது மணப்பாறை முறுக்கு இரண்டு பாக்கெட். என் மேசையில் இரண்டு பேருக்குப் பல் இல்லை, நுணுக்கித் தந்தால் போதும் என்கிறார்கள். ஆகஸ்டுதானே என்று ஸ்வெட்டரை விட்டுவிட்டு வராதே.

சித்தி மகளிடம் நானே சொல்லிவிட்டேன். அவள் மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டாள்.

அன்புடன்,
அக்கா