கிரிமாவின் கண்ணீர்

அன்புள்ள முரளி,

கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கேட்ட பாடப்பிரிவே கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். நடிப்பு வகுப்பில் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்: தி டூ டவர்ஸ்' (2002) படத்தின் கிரிமாவை எடுத்துப் பேசப்போவதாக எழுதியிருந்தாய். ரோஹன் நாட்டு அரசன் தியோடனின் ஆலோசகனாக இருந்துகொண்டே எதிரி மந்திரவாதி சாருமானுக்கு வேலை செய்பவன் அவன். நல்ல தேர்வு. ஆனால், "சாருமானின் படையைப் பார்த்து அவன் கண்ணீர் விடுகிறான், ஆகவே அங்கேயே மனம் திருந்திவிட்டான்" என்று நீ முடித்த விதத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்த முகம். பிராட் டூரிஃப் இந்த வேடத்துக்காகப் புருவங்களை மழித்துக்கொண்டார். கோபமா பயமா என்று நாம் சட்டென்று கண்டுகொள்வது பெரும்பாலும் புருவத்தை வைத்துத்தான். அது இல்லாததால் அவன் முகம் எப்போதும் ஏதோ தந்திரம் செய்வதுபோலவே தெரிகிறது. மாணவர்கள் முதல் தடவை பார்த்துவிட்டு "நயவஞ்சகன்" என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள் பார். அதனால் முதலில் ஒலியை அணைத்துவிட்டுக் காட்சிகளை ஓட்டு. விழி எங்கே போகிறது என்பதை மட்டும் குறிக்கச் சொல். பிறகு படத்தை மறைத்துக் குரலை மட்டும் கேட்கவை. இரண்டு குறிப்புகளும் எங்கே முரண்படுகின்றனவோ அங்கேதான் நமக்கு வேலை.

உதாரணத்துக்கு, அரசனின் சகோதரி மகன் எயோமர் அவனைத் தூணோடு சேர்த்து அழுத்தி, துரோகத்துக்கு என்ன விலை பேசினாய் என்று கேட்கும் இடம். கிரிமா வாய் திறப்பதற்குள் விழி எயோமரின் தங்கை எயோவின் பக்கம் ஓடிவிடும். விலை என்னவென்று எயோமருக்கு அந்தப் பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்தது அரசனின் மகன் தியோட்ரெட் இறந்துகிடக்கும் அறை. இதற்கு அதிக நேரம் ஒதுக்கு. அரசவையில் அவன் பேசும் குழைவு வேறு, இங்கே பேசும் தணிந்த குரல் வேறு. தன்னைத் தனியே விடச் சொல்கிறாள் எயோவின். அவன் அந்தத் தனிமையையே பிடித்துக்கொண்டு, இரவில் இருட்டோடு அவள் என்னவெல்லாம் பேசியிருப்பாளோ என்று தொடங்குகிறான். டோல்கீனின் மூல நாவலில் இந்தப் பேச்சு நல்ல மந்திரவாதி காண்டால்ஃப் உடையது. எயோவினின் துயரத்தை எயோமருக்கு விளக்கும்போது சொல்வது. திரைக்கதை எழுதியவர்கள் அதைத் தூக்கி இவன் வாயில் வைத்துவிட்டார்கள். பெரிய மாற்றம் இது. அந்த அரண்மனையில் அவள் மனத்தைச் சரியாகப் படித்த ஒரே ஆள் அவளை வேவு பார்த்தவன் என்று ஆகிவிடுகிறது. அவள் ஒரு கணம் அசையாமல் நிற்பதும் அதனால்தான். இதைக் காதல் என்று மாணவர்கள் சொன்னால் விடாதே. அவன் சொல்வது அவள் வலி, ஆனால் சொல்லும் காரணம் அவளை வளைப்பது. தானும் அப்படி ராத்திரியில் தனியே கிடந்தவனாக இல்லாவிட்டால் இவ்வளவு துல்லியமாகச் சொல்ல வராது என்பது என் ஊகம். ஊகம் என்றே வகுப்பிலும் சொல்.

இனி கண்ணீர். அதற்கு முந்தைய காட்சி ஒன்றைச் சேர்த்துப் பார்க்காவிட்டால் தப்பாகத்தான் படிப்போம். தியோடன் தலைநகரில் தங்கமாட்டான், ஹெல்ம்ஸ் டீப் கோட்டைக்குப் போவான், மலைப்பாதை, பெண்களும் குழந்தைகளும் கூட வருவதால் மெதுவாகத்தான் நகர்வார்கள் என்று சாருமானுக்குத் துப்புக் கொடுப்பதே கிரிமாதான். பிறகு வெடிமருந்தருகே மெழுகுவர்த்தியோடு குனிகிறான்; அது என்னவென்றே அவனுக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய படையே கிடையாதே என்று சாருமானிடமே சொல்கிறான். அதாவது, தான் எதற்கு உடந்தை என்பதே தெரியாமல் உடந்தையாக இருந்திருக்கிறான். மாடத்துக்கு வந்து சாருமான் உருவாக்கிய பத்தாயிரம் உருக்-ஹாய் போர்வீரர்கள் முழங்குவதைப் பார்க்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. அவன் பேசிய விலையான எயோவின் அந்தக் கோட்டையில்தான் இருக்கிறாள்.

உணர்ச்சிகள் உடலில் வெளிப்படுவதைச் சொல்லும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலை இங்கே எடுத்தால் வகுப்புக்கு உதவும். அழுகை பிறக்கும் நான்கில் ஒன்று இழவு, அதாவது இழப்பு. மருட்கைக்கு, அதாவது வியப்புக்கு, ஒரு காரணம் பெருமை, அதாவது அளவில் மிகப் பெரியதைக் காண்பது. அச்சத்துக்கு ஒரு காரணம் தம் இறை, அதாவது தம்மை ஆள்பவர். மூன்றும் அந்த ஒரு துளியில் இருக்கின்றன. நடிப்பவர் எதை முன்னால் நிறுத்துவது என்பதை வைத்து மூன்று விதமாகச் செய்துபார்க்கச் சொல். மருட்கையை மட்டும் எடுத்தால் வாய் பிளந்து நிற்பான், அச்சத்தை மட்டும் எடுத்தால் உடம்பு பின்வாங்கும். டூரிஃப் இரண்டையும் செய்யாமல் உறைந்து நிற்கிறார். மனம் திருந்தினான் என்று சொல்ல அங்கே ஆதாரமே இல்லை. திருந்தியிருந்தால் அந்த மக்களுக்காக ஏதாவது ஒன்று செய்யப் பார்த்திருப்பான். இவன் அடுத்தும் சாருமானோடுதான் இருக்கிறான்.

மனம் இளகுவது பின்னால், 'தி ரிட்டர்ன் ஆஃப் தி கிங்' படத்தில், சாருமானின் ஆர்தாங்க் கோபுரத்து உச்சியில். நீயும் ஒருகாலத்தில் ரோஹன் மனிதன்தானே, இறங்கி வா என்று தியோடன் அழைக்கும்போது அவன் தலை தாழ்கிறது. சாருமான் அவனை அறைகிறான், கிரிமாவின் கத்தி சாருமானின் முதுகில் இறங்குகிறது, தியோடனோடு வந்த வில்லாளி லெகோலாஸின் அம்பு கிரிமாவை வீழ்த்துகிறது. நாவலில் இந்தக் கொலை ஹாபிட்களின் ஊரான ஷையரில் நடக்கிறது, அங்கே தியோடனின் அழைப்பு கிடையாது. ஆகவே அந்தத் தலைகுனிவு முழுக்கப் படத்தின் சொத்து. நீ கண்ணீருக்குக் கொடுத்த பெயரை இதற்கு எடுத்து வை.

ஒன்று கவனி: 2003 திரையரங்கப் பதிப்பில் இந்தக் காட்சி இல்லை, விரிவாக்கப் பதிப்பைத்தான் வாங்கவேண்டும். கண்ணீரைக் கைப்பேசித் திரையில் காட்டாதே, துளியே தெரியாது. புரொஜெக்டர் இருந்தால் அறையை நன்றாக இருட்டாக்கிக்கொள்.

மூன்று விதமாகச் செய்தவர்களில் யாருடையது நம்பும்படி இருந்தது என்று எழுது.

அன்புடன்,
சேகர்