கொடி காத்த ஊரில் கோணல் கொடி

ஆசிரியருக்கு வணக்கம்.

1932 ஜனவரியில் குமரன் தடியடி பட்டும் கொடியை விடாத ஊர் திருப்பூர். அந்த ஊரில் தேசியக் கொடியைத் தைப்பதில் இன்று கோட்டை விடுகிறோம்.

900-க்கு 600 மில்லிமீட்டர் கொடியில் ஒவ்வொரு பட்டையும் 200. சக்கரத்தின் விட்டம் 185, ஆரக்கால் 24. அச்சடித்த ரோலை இந்த அளவுக்கே வெட்டி ஓரம் மடித்து அடித்தால், மேலும் கீழும் 12 மில்லிமீட்டர் போய்விடும். காவியும் பச்சையும் 188 ஆகி, வெள்ளை மட்டும் துருத்தும். அந்த இரண்டு பட்டையிலும் மடிப்புக்குத் துணி விட்டு அச்சடித்தால் தீர்ந்தது. சக்கரம் இருபுறமும் தெரிய வேண்டும். ஒருபக்க அச்சில் மறுபக்கம் வெளிறிவிடுகிறது.

இந்தியக் கொடி விதிகளின் 2021 டிசம்பர் 30 திருத்தத்தில் பாலியஸ்டருக்கும் அனுமதி வந்தது. துணி மீது குறையில்லை, கடைசி நேர ஆர்டர்தான் கெடுக்கிறது.

செங்குத்தாகத் தொங்கவிட்டால் பார்ப்பவருக்கு இடப்பக்கம் காவி வர வேண்டும். மேடை போடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. கிழிந்ததைத் தனியிடத்தில், மரியாதையோடு, முழுதாக எரிக்கலாம். ஆகஸ்ட் 16 காலையில் சாக்கடையோரம் கிடப்பதை எந்தத் தலைவர் குனிந்து எடுக்கிறார்?

கொடி வாங்கும் உள்ளாட்சி அலுவலகங்கள் பில் பாஸ் செய்யுமுன் ஒரு இஞ்ச் டேப்பை எடுத்து மூன்று பட்டையையும் அளக்கட்டும்.

– தையல் தொழிலாளர்கள் சிலர், திருப்பூர்