எத்தனையால் வகுத்தீர்கள்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாம்பனில் நாட்டுப்படகுத் தொழில் பார்க்கும் குடும்பம் எங்களுடையது. போன மாதம் கணக்கெடுக்க வந்த ஒருவர், "ஒரு நாளைக்குச் சராசரியா எவ்வளவு கிடைக்கும்?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் சட்டென்று "ஆயிரம் ரூபாய் வரும்" என்றார். வந்தவர் அதை முப்பதால் பெருக்கி, மாத வருமானம் முப்பதாயிரம் என்று எழுதிக்கொண்டார். எனக்குத் திக்கென்றது. அப்படி ஒரு பணத்தை எங்கள் வீடு எந்த மாதமும் பார்த்ததில்லை.

ஆனால் என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. வரவு செலவு நோட்டு எழுதுவது நான்தான். டீசல், ஐஸ் எல்லாம் கழித்து எங்கள் பங்குக்கு அந்த வாரம் வந்தது: திங்கள் 1,400, புதன் 600, சனி 1,000. செவ்வாயும் வியாழனும் காற்று. வெள்ளிக்கிழமை முழுக்க வலை பழுது பார்த்தார்கள். ஞாயிறு கோயில். மொத்தம் 3,000 ரூபாய். கடலுக்குப் போன மூன்று நாளால் வகுத்தால் 1,000. வாரத்தின் ஏழு நாளால் வகுத்தால் 428 ரூபாய் சொச்சம்.

இரண்டும் சரியான சராசரிதான். டீசல் போட்டுப் போவது கட்டுமா என்று பார்க்க முதல் கணக்கு வேண்டும். வீட்டுச் செலவுக்கு இரண்டாவது கணக்குதான். முதல் கணக்கை எடுத்து முப்பதால் பெருக்கியதுதான் தப்பு.

எட்டாவது படிக்கும் என் மகளுக்கு இதைச் சாக்கில் மீன் கூறு போட்டுக் காட்டினேன். ஐந்து கூறு: 3, 7, 4, 6, 5. பெரிய கூறிலிருந்து எடுத்துச் சின்னக் கூறில் வைத்துக்கொண்டே வந்தாள், எல்லாம் ஐந்து ஐந்தாக நின்றது. "சராசரின்னா நிரவுறதுதானா!" என்றாள். அப்புறம் பக்கத்தில் ஒரு வெற்று இடத்தைக் காட்டி, இதுவும் ஒரு கூறு, இதில் மீன் இல்லை, இதையும் சேர்த்து நிரவு என்றேன். கூறுக்கு நாலுதான் வந்தது, ஒரு மீன் கையில் மிஞ்சியது. மீன் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சைபரைச் சேர்த்ததும் சராசரி இறங்கிவிட்டது.

மழைக் கணக்கில் இதைச் சரியாகச் செய்கிறார்கள். வானிலை ஆய்வுத் துறை தென்மேற்குப் பருவமழைக்கு 'இயல்பு' என்று வைத்திருப்பது 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுச் சராசரி. வறண்ட ஆண்டுகளை அதிலிருந்து யாரும் தள்ளிவிடவில்லை. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். அவர்களுடைய வருமானத்தைச் சொல்லும்போது அந்த 61 நாளும் வகுக்கும் எண்ணில் இருக்கிறதா? பாம்பன் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றி, யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று நிறுத்திவைக்கும் நாட்கள் இருக்கின்றனவா?

உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். மீனவர் வருமானம், உப்பளத் தொழிலாளர் கூலி, பாசி எடுக்கும் பெண்களின் வரும்படி என்று எந்தச் சராசரியை அச்சிட்டாலும், மொத்தம் எவ்வளவு, எத்தனை நாளால் வகுத்தது என்று பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள். கணக்கெடுப்பவர்களும் "கடலுக்குப் போகாத நாள் எத்தனை?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வாரம் அது நாலு நாள். அந்த நாலு நாளும் அடுப்பு எரிந்தது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாம்பன்.