அறுவடைக்குப் பிறகும் எங்களை வேலையில் வையுங்கள்: நெல் பூச்சி ஆய்வுக்கு ஆள் எடுக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நெல் பூச்சி ஆய்வுத் திட்டங்களுக்கு ஆள் எடுப்பதும், எத்தனை மாதத்துக்கு என்று முடிவு செய்வதும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். விலங்கியல் படித்துவிட்டு, டெல்டாவில் ஒரு லேபில் இரண்டு சம்பாப் பருவம் தற்காலிக உதவியாளராக இருந்தவள் நான். ஆகஸ்டில் சேர்த்துக்கொள்வார்கள், ஜனவரி 31 அன்று நிறுத்திவிடுவார்கள். அடுத்த ஆகஸ்டில் திரும்ப விண்ணப்பம், திரும்ப நேர்காணல். மூன்றாவது முறை வேறொருவருக்குக் கிடைத்தது.

என் வேலை, நெல் தண்டைத் துளைத்து உள்ளிருந்து தின்னும் குருத்துப்பூச்சிப் புழு. வாரத்தில் இரண்டு நாள் வயலில் இறங்கி, நடுக்குருத்து காய்ந்த தூர்களைப் பிடுங்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவருவோம். அப்புறம் உட்கார்ந்து ஒவ்வொரு தண்டாகப் பிளக்க வேண்டும். பிளேடை அழுத்தினால் புழு இரண்டாகிவிடும். மேல்தோகையை நகத்தால் உரித்து, புழு நுழைந்த துளையைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு விரற்கடை கீழே மெல்லக் கீற வேண்டும். முதலில் தெரிவது ஈரமான எச்சம், நனைந்த மரத்தூள் மாதிரி. அதை ஊசியால் விலக்கினால் வெளிர்மஞ்சள் உடம்பும் பழுப்புத் தலையுமாகப் புழு இருக்கும். பெரும்பாலும் தண்டுக்கு ஒன்றுதான். அதை மைக்ரோஸ்கோப்பில் வைத்துத் தலையின் அகலத்தை அளப்போம். உடம்பு தின்னத் தின்ன நீளும், அதை நம்ப முடியாது. தலை ஓடு கெட்டியானது, தோல் உரிக்கும்போது மட்டும்தான் பெரிதாகும். புழு எத்தனை தடவை தோல் உரித்திருக்கிறது என்பதை அந்த அகலம் சொல்லிவிடும்.

இதில் கை பழக எனக்கு ஒன்றரை மாதம் ஆனது. முதல் வாரத்தில் பத்துத் தண்டு பிளந்தால் நாலைந்து புழு நசுங்கிவிடும். நவம்பரில் ஒன்றுகூட நசுங்காது. ஆறு மாத வேலையில் ஒன்றரை மாதம் என்பது கால் பங்கு. ஆள் மாறும்போதெல்லாம் அந்தக் கால் பங்கு காலத்தில் புழுக்கள் நசுங்கித்தான் போகின்றன.

சரி, பழகியவர்களையே திரும்ப எடுத்தால் போதுமா? போதாது. ஒப்பந்தம் முடியும் தேதிதான் பெரிய கோளாறு.

சி.ஆர். 1009 மாதிரி நெடுநாள் ரகத்துக்கு 155 முதல் 160 நாள் ஆகும். ஆகஸ்டில் விதைவிட்டால் தை மாதத்தில் அறுப்பு. கதிர் முற்றும்போது தண்டுக்குள் மிச்சமிருக்கும் புழு கீழே இறங்கி அடித்தண்டுக்குப் போய்விடும். நெல் வீட்டுக்கு வரும், புழு வயலில் நிற்கும் அறுத்த தாளிலேயே தங்கும். குறுவைத் தாளை மடக்கி உழுதுவிட்டுத்தான் அடுத்த பயிர் நடுகிறோம், அதற்குத் தாளடி என்றே பெயர். சம்பாத் தாளுக்கு அந்த உழவு உடனே கிடையாது. அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே நின்ற பயிருக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுகிறோம். அதனால் உளுந்து பறிக்கும் வரை தாள் அப்படியே நிற்கும். அரிவாள் அறுப்பில் அது குட்டையாக இருந்தது, இப்போது மெஷின் விட்டுப்போகிற தாள் முழங்காலைத் தொடுகிறது. அதில் எத்தனை புழு உயிரோடு இருக்கிறது, எத்தனையைப் புழுவைத் தின்று வளரும் ஒட்டுண்ணிக் குளவி பிடித்திருக்கிறது, மிச்சப் புழு அந்துப்பூச்சியாகி எந்த வாரம் வெளியே வருகிறது, ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து குறுவை நாற்றங்கால் பச்சை கட்டும் வரை அது எங்கே போகிறது? விவசாயி கேட்கிற கேள்வி இதுதான். அதற்கு விடை தேட வேண்டிய மாதத்தில் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறீர்கள்.

இரண்டாவது வருஷம் கடைசி நாளன்று என் டப்பாவில் 38 புழுக்கள் இருந்தன, தாள் துண்டுகளோடு. இதை யார் பார்ப்பார்கள் என்று கேட்டேன். திட்டத்தில் அது இல்லை, ஸ்பிரிட்டில் போட்டுவிட்டுப் போம்மா என்றார்கள். போட்டேன். இன்னும் அது மனதை அறுக்கிறது.

பிப்ரவரியில் சும்மா இருக்க முடியவில்லை. எங்கள் ஊரில் பக்கத்து வயல் பெரியவரிடம் கேட்டு, உளுந்து மிதிபடாமல் இருபது தூர் பிடுங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்து பிளந்தேன். ஏழு புழு உயிரோடு இருந்தன. ஒரு தண்டில் செத்த புழுவை ஒட்டி அரிசிக் குருணை மாதிரி வெள்ளைக் குளவிக் கூடுகள். பெரியவர் குனிந்து பார்த்தார். “இம்புட்டு நாளா இது வயல்லயேதான் கெடக்குதா தாயி?” என்றார். எழுபது வருஷம் நெல் விளைத்தவர், தாளுக்குள் அதை அன்றுதான் பார்க்கிறார். என்னிடம் மைக்ரோஸ்கோப் இல்லை, அளக்க முடியவில்லை. அதனால் அந்த ஏழும் எந்தக் கணக்கிலும் சேராது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முட்டை ஒட்டுண்ணி அட்டை தயாரிக்க அதே லேபில் தானியத்தில் வளரும் வேறொரு அந்துப்பூச்சியும் வளர்த்தோம். நட்ட 30, 37ஆம் நாள்களில் வயலில் கட்டச் சொல்கிற டிரைக்கோகிரம்மா அட்டைதான் அது. டிரைக்கோகிரம்மா என்பது பூச்சி முட்டைக்குள் தன் முட்டையை இடும் குட்டிக் குளவி, அதை வளர்க்க இந்த அந்தின் முட்டை வேண்டும். கம்பு நொய்யில் நிலக்கடலைப் பொடி கலந்து வைத்தால் நாற்பது நாளில் அந்து பறக்கும். அதைப் பிடிக்கிற அறையில் செதில் தூள் மூக்குக்குள் ஏறும், ராத்திரியெல்லாம் இருமல். நிரந்தர வேலைக்காரர்களுக்கு முகக்கவசம் கணக்கில் வந்தது, எங்களுக்கு வரவில்லை. என்னோடு இருந்த அக்கா ஒருவர் மூச்சிரைப்பு தாங்காமல் நின்றுவிட்டார். இதைச் சரிசெய்ய நிதியாண்டு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒப்பந்தத்தை நாற்றங்காலில் தொடங்கி, தாள் மடக்கி உழும் நாள் வரை போடுங்கள். பத்து மாதம் ஆகும். அத்தனை பேருக்குப் பணம் இல்லையென்றால் ஆளைக் குறைத்துக்கொள்ளுங்கள், மாதத்தைக் குறைக்காதீர்கள். ஒரு பருவம் பார்த்தவருக்கு அடுத்த பருவம் நேர்காணல் இல்லாமல் வேலை கொடுங்கள். பதிவேட்டில் அளந்தவர் பெயரை எழுதுங்கள், சந்தேகம் வந்தால் கூப்பிட்டுக் கேட்கவாவது ஆகும்.

இந்த வருஷம் அதற்குள் எதுவும் மாறாது என்றாலும், பிப்ரவரி முதல் வாரத்தில் தாள் பிடுங்க யாரையாவது அனுப்புங்கள். போன தடவை குருத்து அதிகம் காய்ந்த வயல்களை நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். வரப்பு வழி காட்ட நான் வருகிறேன், கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
குடமுருட்டிக் கரையிலிருந்து
முன்னாள் தற்காலிக லேப் உதவியாளர்